கருவிக்குக் கேட்ட பணம் பயிற்சிக்குப் போனது: சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் தெற்கே உள்ள சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் உதவிக் குழு ஐந்து பேர் கொண்டது. பார்வையிழந்த ஒரு பெண் தனியாக வெளியே சென்று வருவதற்கான கருவிக்கு 2024 இல் நாங்கள் நிதி தேடினோம். அந்த முயற்சியைத் தொடக்கம் முதல் இங்கே பதிவு செய்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எழுதியதை வாசித்துக் காட்டியபோது இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னார், திருத்தியிருக்கிறேன். பெயர்களையும், யார் என்று கண்டுபிடிக்க உதவும் விவரங்களையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

அவருக்கு வயது 43. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஆடைத் தொழிற்சாலையில் தையல் எந்திரத்தில் உட்கார்ந்தவர்; 19 ஆண்டுகள் அங்கேயே வேலை செய்தார். 31 வயதில் நீரிழிவு நோய் இருப்பது தெரிந்தது. நம் குடும்பங்களில் இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் இன்சுலின் ஊசி இல்லாத குளிர்சாதனப் பெட்டியைக் காண்பது கடினம். நீரிழிவு அவருடைய விழித்திரையைத் தாக்கியது. லேசர் சிகிச்சை செய்தார்கள். பிறகு கண்ணுக்குள் இரத்தம் கசிந்து அறுவைச் சிகிச்சையும் நடந்தது. 2022 இறுதியில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டுமே தெரியும் நிலைக்கு வந்துவிட்டார். வேலை அதற்கு முன்பே போயிருந்தது.

வீட்டில் மூன்று பேர்: அவர், 71 வயதான தாயார், 16 வயது மகள். வருமானம் என்றால் அவருக்கு வரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகையும் தாயாருக்கு வரும் முதியோர் உதவித்தொகையும்தான். 2024 இல் ஒவ்வொன்றும் மாதம் 2,200 ராண்டுக்குச் சற்றுக் குறைவு.

வீடு இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். நிறவெறி ஆட்சியின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் 1960களில் இந்தியர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய பகுதி இது. மலைச்சரிவை வெட்டி வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகள். வாசலிலிருந்து தெருவுக்குப் படி, தெருவிலிருந்து மேல் தெருவுக்குப் படி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பெயர்ந்த நடைபாதைகளில் சில இன்னும் பெயர்ந்தபடியே கிடக்கின்றன. பழைய இரும்புக்கு விற்பதற்காகச் சாக்கடை மூடிகளைத் திருடிச் செல்கிறார்கள். நேற்று மூடியிருந்த குழி இன்று திறந்திருக்கும்.

2024 பிப்ரவரியில் மகளின் வகுப்பாசிரியை எங்கள் குழுவில் ஒருவரிடம் பேசினார். முந்தைய ஆண்டில் அந்தப் பிள்ளை 17 நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. எல்லாமே அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற நாட்கள். பாட்டிக்கு முழங்கால் வலி வந்த பிறகு அந்தப் பொறுப்பு பேத்தியிடம் போயிருந்தது. எங்களுக்கு வந்த செய்தி இவ்வளவுதான்.

முதல் சந்திப்பில் கண்டதும் காணத் தவறியதும்

நானும் இன்னொருவரும் ஒரு சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போனோம். தேநீர் போட்டுக் கொடுத்தார். கோப்பையின் விளிம்பில் விரலை வைத்து அளவு பார்க்காமல், ஊற்றும் சத்தம் மாறுவதைக் கேட்டு நிறுத்தினார். இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கெட்டிலில் சுட்டுக்கொண்டதாகச் சொன்னார். "சுட்டதே தெரியவில்லை மாமா, மகள் பார்த்துச் சொன்னாள்" என்றார். "பார்த்து இருங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு நான் பேச்சை மாற்றினேன். நான்கு மாதம் கழித்துத்தான் அந்த வாக்கியம் எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது.

எங்கே போக வேண்டும் என்று கேட்டோம். மூன்று இடங்கள் சொன்னார். ஒன்று, மாதம் இரண்டு முறை போகும் மருத்துவமனை. இரண்டு, வீட்டிலிருந்து ஏழெட்டு நிமிட நடையில் இருக்கும் அம்மன் கோயில். மூன்று, டர்பன் நகர மையத்தில் பார்வையற்றோருக்காக நடக்கும் தொலைபேசி இயக்குநர் பயிற்சி வகுப்பு. மூன்றாவதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. தாயார் அடுப்படியில் இருந்தார்.

கையில் ஒரு வெண்கோல் இருந்தது. அரசு மருத்துவமனையில் கொடுத்தது. அதை எப்படி வீசுவது என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அது கதவுக்குப் பின்னால் மடக்கி வைத்தபடியே இருந்தது. நாங்கள் அதைப் பார்த்தோம், "பாவம், பழைய கோல்" என்று நினைத்தோம். எங்கள் குழுவில் ஒருவர் மின்னணுக் கோல் ஒன்றின் காணொளியைக் கைப்பேசியில் வைத்திருந்தார். கோலின் கைப்பிடியிலிருந்து மீயொலி அலைகள் போகும். எதிரே இருக்கும் பொருளில் பட்டு அவை திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டு, கைப்பிடி அதிரும். சாதாரணக் கோல் தரையை மட்டுமே தொட்டறிகிறது. இது நெஞ்சு உயரத்தில், தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதையும் சொல்லிவிடும். பார்த்தவுடன் எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. இதற்குப் பணம் திரட்டுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தோம்.

அந்த முடிவு தவறு என்று சொல்ல மாட்டேன். அவசரமான முடிவு.

பணம் தேடிய வாசல்கள்

இந்திய வம்சாவளியினரிடையே பேசினால் முதலில் வரும் யோசனை "சென்னையிலிருந்து வரவழைக்கலாமே" என்பதுதான். அது வெறும் பேச்சும் அல்ல. டெல்லி ஐ.ஐ.டி. உருவாக்கி 2014 இல் அறிமுகமான ஸ்மார்ட்கேன் என்ற கருவி சென்னையில் உள்ள ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தில்தான் தயாராகிறது. வெண்கோலின் மேல்பகுதியில் மாட்டிக்கொள்ளலாம். மூன்று மீட்டர் வரை இருக்கும் தடையை அதிர்வால் உணர்த்தும். மேல்நாட்டுக் கருவிகளைவிட விலை பல மடங்கு குறைவு. ஊருக்குப் போகிற ஒருவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரத் தயாராக இருந்தார். பழுதானால் இங்கே யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அதனால் உள்ளூர் விற்பனையாளர் ஒருவரிடம், கைப்பேசியோடு இணையும் வேறொரு மின்னணுக் கோலுக்கு விலைப்புள்ளி வாங்கினோம். 15 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் சேர்த்து 17,400 ராண்ட். அந்த வீட்டுக்கு வரும் இரண்டு உதவித்தொகைகளையும் கூட்டினால் நான்கு மாத வருமானம்.

அரசு சுகாதாரத் துறை வெண்கோல் தரும், சக்கர நாற்காலி தரும், காதொலிக் கருவி தரும். மின்னணுக் கோல் பட்டியலில் இல்லை என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். அவருக்கு நன்றி, எங்கள் ஒரு மாதம் மிச்சமானது.

லாட்டரிப் பணத்தைப் பற்றி நம்மில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. 1997 ஆம் ஆண்டின் லாட்டரிச் சட்டப்படி அமைந்த தேசிய லாட்டரி ஆணையம் அமைப்புகளுக்குத்தான் நிதி தருகிறது, தனிமனிதருக்குத் தருவதில்லை. அமைப்பும் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும், கணக்குகளைச் சமர்ப்பிக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஒரு கோல் என்ற எங்கள் தேவை அந்தப் படிவத்தில் எங்கும் பொருந்தவில்லை.

வருமான வரி வழியாக ஒரு வாய்ப்பு உண்டு. மாற்றுத்திறனாளிக்காகக் கையிலிருந்து செலவழிப்பவர், குறைபாட்டை உறுதிசெய்து மருத்துவர் கையெழுத்திட்ட ஐ.டி.ஆர்.-டி.டி. படிவத்தை வைத்துக்கொண்டு செலவில் ஒரு பகுதியை வரிக் கழிவாகக் கேட்கலாம். வரி கட்டும் அளவு வருமானம் உள்ள குடும்பங்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இந்த வீட்டில் வரி கட்டுபவர் யாரும் இல்லை.

மிஞ்சியவை நிறுவனங்கள். இங்கேதான் எங்களுக்கு ஒரு பெரிய பாடம் கிடைத்தது. நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடும் கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டு விதிகளின்படி, ஒரு நிறுவனம் தன் நிகர இலாபத்தில் 1 சதவீதத்தைச் சமூகப் பொருளாதார வளர்ச்சிக்குச் செலவிட்டால் அந்தப் பிரிவின் முழு மதிப்பெண் கிடைக்கும். அந்தச் சட்டத்தில் 'கறுப்பினத்தார்' என்பதில் இந்திய வம்சாவளிக் குடிமக்களும் அடங்குவர். ஆகவே கேட்பதற்கு நமக்கு இடம் இருக்கிறது. ஆனால் நாங்கள் போன இடமெல்லாம் முதல் கேள்வியாக வந்தது: "18ஏ ரசீது தருவீர்களா?"

வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு கொடுக்கும் ரசீது இருந்தால், நன்கொடையாளர் தன் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். எங்கள் சங்கம் பதிவான அமைப்புதான், வரி விலக்கும் பெற்றதுதான். ஆனால் அந்த விலக்கு சமயப் பணிக்காகக் கிடைத்தது. சமயப் பணிக்கு வரி விலக்கு உண்டு. 18ஏ ரசீது கொடுக்கும் உரிமை இல்லை. சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இவை இரண்டும் தனித்தனிப் பகுதிகள். இது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கோயிலோடு இணைந்த சங்கங்கள் இந்த நாட்டில் எத்தனையோ இருக்கின்றன. நிதி கேட்டு ஒரு கடிதம் எழுதும் முன் தங்கள் அங்கீகாரச் சான்றிதழில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். நாங்கள் பார்க்காமல் ஒன்பது கடிதங்கள் அனுப்பினோம்.

பார்வையற்றோர் நலனுக்காகப் பணிபுரியும் ஓர் அமைப்பிடம் போய் நிலைமையைச் சொன்னோம். அவர்களுக்கு 18ஏ அங்கீகாரம் இருந்தது. பணம் அவர்கள் கணக்குக்கு வரும், அவர்கள் ரசீது தருவார்கள், செலவுக் கணக்கை நாங்கள் எழுதித் தருவோம் என்று ஒப்பந்தமானது. ஒரு நிபந்தனை வைத்தார்கள்: எந்தக் கருவியும் வாங்கும் முன் வெண்கோலோடு நடக்கக் கற்பிக்கும் தங்கள் நடமாட்டப் பயிற்றுநர் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும். அதை ஒரு சடங்காக நினைத்துத்தான் சம்மதித்தோம்.

வாக்களிக்கப்பட்ட பணமும் அதன் நிபந்தனைகளும்

மே மாதத்தில் துறைமுகம் சார்ந்த சரக்கு நிறுவனம் ஒன்று 18,000 ராண்ட் தருவதாக ஒப்புக்கொண்டது. அவர்களுடைய நிதியாண்டு ஜூன் 30 இல் முடிகிறது. அதற்குள் விலைச்சீட்டு வர வேண்டும், கருவியை ஒப்படைக்கும் படம் எடுக்க வேண்டும். படத்தில் நிறுவனத்தின் பதாகை தெரிய வேண்டும்.

படம் பற்றி அவரிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் படத்தை எனக்கு யார் விவரிப்பார்கள்?" என்று கேட்டார். சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவர் சம்மதம் என்று சொல்லவில்லை. (அவர் செய்த இரண்டு திருத்தங்களில் இது ஒன்று.)

கோயில் முற்றத்தில் ஒரு சோதனை

ஜூன் முதல் வாரம் பயிற்றுநர் வந்தார். டர்பனை அடுத்த குவாமாஷுவைச் சேர்ந்த, அதிகம் பேசாத மனிதர். அதிர்வுக் கோல் ஒன்றை இரவலாகக் கொண்டுவந்திருந்தார். கூட்டம் இல்லாத புதன்கிழமைக் காலை, கோயில் முற்றத்தில் வைத்துக்கொண்டோம்.

முதலில் அவரிடம் வெறும் வெண்கோலைக் கொடுத்து நடக்கச் சொன்னார். பிடியைத் திருத்தினார். தோள் அகலத்துக்கு வீச வேண்டும், இடது கால் முன்வைக்கும்போது கோல் வலப்பக்கம் தொட வேண்டும். 1940களில், போரில் கண்ணிழந்த அமெரிக்க வீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் வகுத்த முறை இது. இன்றும் உலகமெங்கும் இதைத்தான் கற்பிக்கிறார்கள். பத்து நிமிடத்தில் அவருடைய நடை மாறியது. கூன் நிமிர்ந்தது. அந்தக் கோல் ஒரு வருடத்துக்கும் மேல் கதவுக்குப் பின்னால் கிடந்தது என்பது எனக்கு உறைத்தது.

பிறகு அதிர்வுக் கோல். மாமரத்தின் தாழ்ந்த கிளை ஒன்று முற்றத்தின் ஓரத்தில் தலை உயரத்துக்கு நீண்டிருக்கும். அதை நோக்கி நடக்கச் சொன்னார். கைப்பிடி அதிர்ந்தது, அருகில் நின்ற எனக்கே அந்த ரீங்காரம் கேட்டது. அவர் நிற்கவில்லை. பயிற்றுநர் கிளைக்கும் நெற்றிக்கும் நடுவே தன் கையை வைத்துத் தடுத்தார். மறுபடி நடந்தார்கள். பத்து முறையில் மூன்று முறைதான் நின்றார். அந்த மூன்றிலும், "சத்தம் கேட்டு நின்றேன்" என்றார். தெருவில் அந்தச் சத்தம் கேட்காது.

பயிற்றுநர் கோலை வாங்கி வைத்துவிட்டு அவருடைய விரல்களைப் பார்க்கலாமா என்று கேட்டார். கெட்டிலில் சுட்ட தழும்பு இருந்தது. இன்னும் இரண்டு பழைய தழும்புகளும் இருந்தன. "இவருக்கு விரல் நுனியில் உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா?" என்றார்.

யாரும் பார்க்கவில்லை. அடுத்த மருத்துவமனை நாளில் கேட்டோம். இசைக்கவையை அதிரவைத்து எலும்பில் வைக்கும் எளிய சோதனை. கால்களில் நரம்புப் பாதிப்பு இருப்பது முன்பே குறிப்பில் இருந்தது. இரண்டு கைகளிலும் அதிர்வுணர்ச்சி குறைந்திருப்பது இப்போது தெரிந்தது. கண்ணைக் கெடுத்த அதே நீரிழிவு கையின் நரம்பையும் தொட்டிருந்தது. இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. நீண்ட கால நீரிழிவில் இரண்டும் சேர்ந்து வருவது மருத்துவ உலகம் நன்கு அறிந்தது. ஆனால் கண் ஒரு பிரிவில், கால் ஒரு பிரிவில், கருவி வேறொரு கடையில். மூன்றையும் ஒரே ஆளிடம் வைத்துப் பார்க்கும் வேலை எங்களுடையது. முதல் நாளே அவர் சொன்னதை நான் காதில் வாங்கியிருந்தால் போதும்.

கணக்கை மாற்றி எழுதியது

பணம் கருவிக்கு என்று வாக்களிக்கப்பட்டிருந்தது. நிதியாண்டு முடிய மூன்று வாரம் இருந்தது. குழுவில் கருத்து வேறுபாடு வந்தது. கிடைக்கிற கருவியை வாங்கிவிடுவோம், பிறகு பார்த்துக்கொள்வோம் என்று இருவர் சொன்னார்கள். திருப்பிக் கேட்டால் உள்ளதும் போய்விடும் என்ற அச்சம் நியாயமானதுதான். அந்தப் பெண்ணையே கேட்போம் என்று நான் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "கைக்குத் தெரியாத கோலை வைத்து நான் என்ன செய்வது மாமா? அந்த மனிதர் சொல்லிக் கொடுத்த பத்து நிமிடம் போல இன்னும் கிடைக்குமா என்று கேளுங்கள்" என்றார்.

அதே 18,000 ராண்டைப் பயிற்றுநரோடு உட்கார்ந்து பிரித்தோம். நடமாட்டப் பயிற்சி 40 மணி நேரம், பயணச் செலவு உட்பட மணிக்கு 300 வீதம் 12,000. உருளும் முனை கொண்ட நீண்ட கோல் இரண்டு, 1,300. மாற்று முனைகள் நான்கு, 480. காதை அடைக்காமல் எலும்பு வழியாக ஒலி கடத்தும் ஹெட்போன் 1,600. பழுது பார்த்து விற்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசி 2,200. மீதி 420 ராண்டுக்கு இடுப்பில் கட்டும் பையும் பட்டையும்.

கைப்பேசி பற்றி நிறையப் பேசினோம். திரைவாசிப்பு வசதி அதிலேயே இலவசமாக இருக்கிறது, வரைபடமும் இருக்கிறது. ஆனால் பலர் சேர்ந்து ஏறும் மினிபஸ் டாக்சி நிறுத்தத்தில் கைப்பேசியைக் கையில் நீட்டி நிற்பவர் பார்வையுள்ளவராக இருந்தாலும் பறிகொடுப்பார். அதனால் கைப்பேசி மேலாடைக்குள் பையில் இருக்கும். காதருகே ஒலி மட்டும் வரும் என்று முடிவானது. இன்னொன்று, செயற்கைக்கோள் வழிகாட்டி திறந்த வெளியிலும் சில மீட்டர்கள் பிசகும். எந்தத் தெரு என்று சொல்லும். குழி எங்கே என்று சொல்லாது. ஒரே செயலியை நம்பிப் பழகுவதும் ஆபத்து. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பார்வையற்றோருக்காக வெளியிட்ட, ஒலியால் வழிகாட்டும் சவுண்ட்ஸ்கேப் செயலியை 2023 இல் நிறுத்திவிட்டது. மூலநிரலைப் பொதுவில் விட்டார்கள், அதைக் கொண்டு மற்றவர்கள் புதிய செயலிகள் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதைக்கொண்டு தினமும் வேலைக்குப் போனவர்கள் புதிதாக ஒன்றைப் பழக வேண்டியிருந்தது. ஆகவே வழியைக் கோலால் கற்பது, கைப்பேசியைத் துணைக்கு வைத்துக்கொள்வது.

நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினோம். முதல் பதில், "எங்கள் குழு ஒப்புதல் தந்தது கருவிக்கு." இரண்டாவது கடிதத்தில் மருத்துவமனைக் குறிப்பையும், பயிற்றுநரின் ஒரு பக்க மதிப்பீட்டையும், மூன்று வழித்தடங்களின் பெயர்களையும் இணைத்தோம். பயிற்சிக்கும் அமைப்பின் விலைச்சீட்டு வரும், 18ஏ ரசீதும் வரும், பயனாளியின் சான்றும் மாறவில்லை என்று அவர்களுடைய கணக்காளருக்குத் தனியாக எழுதினோம். கணக்காளர்தான் கதவைத் திறந்தவர். ஜூன் 27 இல் ஒப்புதல் வந்தது. படம் வேண்டாம், பயிற்சி முடிந்ததும் அந்தப் பெண்ணே தன் குரலில் ஒரு செய்தி பதிந்து அனுப்புவார் என்று கேட்டோம். அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

பயிற்சி

ஜூலையிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை. முதல் வழித்தடம் வீட்டு வாசலிலிருந்து டாக்சி நிறுத்தம் வரை. 14 படி, திருப்பம், கோழிக்கடையின் மணம், பிறகு சாய்வு, கடைசியில் இடது கையில் இரும்பு வேலி. பயிற்றுநர் சொன்ன அடையாளங்களைவிட இவராகக் கண்டுபிடித்தவை அதிகம்.

தாயார் இதை விரும்பவில்லை. தெருவில் யாராவது பிடித்துத் தள்ளிவிட்டால் என்ன செய்வது, கைப்பையைப் பிடுங்கினால் என்ன செய்வது. அந்த அச்சத்தைப் பொய் என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. முதல் சில பாடங்களில் இருபது அடி பின்னால் அவரும் நடந்தார், இவருக்குத் தெரியாமல். மூன்றாவது நாள் இவர் நின்று, திரும்பாமலே, "அம்மா, உங்கள் செருப்புச் சத்தம் கேட்கிறது. வலது கால் தேய்கிறது, முழங்கால் வலிக்கிறது போலிருக்கிறது. வீட்டுக்குப் போங்கள்" என்றார். தாயார் அன்று திரும்பிப் போனார். வாசலிலேயே நின்றிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

மினிபஸ் டாக்சி தனிப் பாடம். எங்கள் ஊர் டாக்சிகளில் பாட்டு அலறும். காதருகே கைப்பேசி சொல்வது எதுவும் கேட்காது. ஆகவே டாக்சிக்குள் கருவியை நம்பாமல், ஏறும்போதே ஓட்டுநரிடம் இறங்கும் இடத்தைச் சொல்வது, அருகில் இருப்பவரிடம் ஒரு முறை உறுதி செய்துகொள்வது, மேட்டில் வண்டி சாயும் திருப்பங்களை உடம்பால் எண்ணுவது என்று பழகினார்கள்.

பணம் போதாமல் போனபோது

40 மணி நேரம் செப்டம்பரில் தீர்ந்தது. மருத்துவமனை வழி பழகியிருந்தது. நகர மையம் பாதியில் நின்றது. கால்களிலும் உணர்ச்சி குறைவாக இருப்பவருக்கு, தரை மாறுவதைக் கோல் ஒன்றால் மட்டுமே அறிய வேண்டியவருக்கு, நேரம் கூடுதலாகத் தேவைப்படும் என்று பயிற்றுநர் முன்பே எச்சரித்திருந்தார். நாங்கள்தான் 18,000க்குள் அடக்குவதற்காக எண்ணிக்கையைக் குறைத்தோம்.

மறுபடி நிறுவனத்திடம் போக மனம் வரவில்லை. புரட்டாசி மாதம் நடந்துகொண்டிருந்தது. வீடுகளில் கவிச்சி கிடையாது. கோயில் மண்டபத்தில் அண்டா வைத்து மரக்கறி பிரியாணி செய்தோம். 160 பொட்டலம், ஒன்று 70 ராண்ட். செலவு 4,300 போக 6,900 ராண்ட் கையில் நின்றது. 23 மணி நேரம். அன்று பொட்டலங்களுக்கு ரப்பர் வளையம் போட்டு எண்ணி அடுக்கியவர் அவர்தான்.

கைப்பேசி டேட்டாவுக்கு நாங்கள் கணக்கில் ஒரு ராண்டும் எழுதியிருக்கவில்லை. மூன்று மாதம் அவரே உதவித்தொகையிலிருந்து போட்டுக்கொண்டார். எங்களிடம் சொல்லவும் இல்லை. மகள் சொல்லித்தான் தெரிந்தது.

விளைவு

நவம்பர் இறுதியில் 63 மணி நேரப் பயிற்சி நிறைவடைந்தது. அதன் பிறகு மருத்துவமனைக்காக மகள் ஒரு நாளும் பள்ளியைத் தவறவிடவில்லை. கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் தனியாகப் போகிறார். தைப்பூசக் கூட்டத்தில் மட்டும் மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அது அவர் எடுத்த முடிவு. 2025 ஜனவரியில் தொலைபேசி இயக்குநர் வகுப்பில் சேர்ந்தார். நகரத்தில் டாக்சி நிலையத்திலிருந்து வகுப்புக் கட்டடம் வரையிலான தெருவை அவர் இன்னும் தனியாகக் கடப்பதில்லை. நடைபாதை வியாபாரிகளின் விரிப்புகள் தினமும் இடம் மாறும். உடன் படிக்கும் ஒருவருக்குக் கொஞ்சம் பார்வை உண்டு; இருவரும் நிலையத்தில் சந்தித்துச் சேர்ந்து போகிறார்கள்.

இரண்டு விபத்துகள் நடந்தன. அக்டோபரில் மூடி திருடுபோன சாக்கடைக் குழிக்குள் கோல் இறங்கி வளைந்தது. கோல் இறங்கியதால் அவர் இறங்கவில்லை. வீட்டில் இரண்டாவது கோல் இருந்ததால் மறுநாளே வெளியே போக முடிந்தது.

மற்றது எங்கள் முடிவின் விலை. டிசம்பரில், நடைபாதை ஓரம் நின்ற பக்கி என்னும் சிறு சரக்கு வண்டியின் பின்பக்க மூடி உயர்த்தித் திறந்திருந்தது. கோல் அதன் அடியில் தடையின்றிப் போனது. அவருடைய நெற்றி இரும்பில் மோதியது. நான்கு தையல். மின்னணுக் கோல் கண்டுபிடித்துச் சொல்லியிருக்க வேண்டிய தடை அதுதான். அவர் கைக்குப் புரியும் வகையில் சொல்லியிருக்குமா என்பது வேறு. எனக்கு அந்தத் தழும்பைப் பார்க்கும்போது இப்போதும் மனம் சங்கடப்படுகிறது. அதிர்வுக்குப் பதில் ஒலியால் எச்சரிக்கும், மார்பில் அணியும் கருவி ஒன்றை இரவல் வாங்கி ஒரு வாரம் சோதித்தார். தெருச் சத்தத்தில் அது அவருக்குத் தொல்லையாக இருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது நிறுத்திய வண்டிகளுக்கு அருகே முன்கையை முகத்துக்குக் குறுக்கே உயர்த்தி நடக்கிறார்.

அடுத்த முறை

எங்கள் விண்ணப்பப் படிவத்தை மாற்றிவிட்டோம். முதல் வரி "என்ன வேண்டும்" என்று இருந்தது. இப்போது "எங்கிருந்து எங்கே, வாரம் எத்தனை முறை" என்று இருக்கிறது. நீரிழிவு உள்ளவர் என்றால் கை, கால் இரண்டின் உணர்ச்சியையும் பார்த்த மருத்துவக் குறிப்பு இல்லாமல் எந்தக் கருவிக்கும் விலைப்புள்ளி வாங்குவதில்லை. பயிற்றுநர் சொல்லும் மணி நேரத்தைக் குறைத்து எழுதுவதில்லை. நன்கொடை போதாவிட்டால் போதாது என்றே எழுதுகிறோம். டேட்டா, முனை மாற்றுதல், இரண்டாவது கோல், கைப்பேசி திருடுபோனால் மாற்று ஆகியவற்றை ஓராண்டுக்குக் கணக்கிடுகிறோம். படம் எடுக்கலாமா என்ற கேள்வியை, பணம் வரும் முன், குழுவில் உள்ள ஒரு பெண் தனியாகக் கேட்டு எழுதி வாங்குகிறார்.

சங்கத்தின் நலப் பணிகளைச் சமயப் பணியிலிருந்து பிரித்துத் தனி அமைப்பாகப் பதிவு செய்து 18ஏ அங்கீகாரம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. குழுவில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. தனி அமைப்பென்றால் தனிக் கணக்கு, தனித் தணிக்கை. அந்தச் சுமையைத் தூக்க ஆள் வேண்டும்.

அவருடைய பயிற்சி வகுப்பு ஆண்டின் இறுதியில் முடிகிறது. வேலை கிடைத்தால் அங்கே போகும் வழியை மறுபடி கற்க வேண்டும். 1998 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிப் பணியாளருக்கு நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தருவது நிறுவனத்தின் கடமை. பணியிடத்துக்குள் நடமாடும் பயிற்சியை அந்த ஏற்பாட்டில் சேர்க்கக் கேட்டு ஒரு கடிதத்தின் வரைவைப் பயிற்றுநரோடு சேர்ந்து இப்போதே எழுதி வைத்திருக்கிறார். அவரே சொல்லச் சொல்ல மகள் தட்டச்சு செய்தாள். நிறுவனத்தின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள்.